ஒரு தையற்காரரின் அளவுக் கொப்பி

மலையக எழுத்தில் கொழுந்தெடுக்கும் பெண்ணும் கங்காணியும் துரையும் நிறையவே வந்துவிட்டார்கள். தோட்டத்து மக்களை நம்பிக் கடைத்தெருவில் பிழைத்த சிறுதொழில்காரர்கள் அவ்வளவாக வரவில்லை. அவர்களில் ஒருவரைப் பற்றி இன்று சொல்கிறேன்.

அட்டனில், ஒரு புடவைக்கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்தவர் அவர். எங்களுக்கு 'டெய்லர் மாமா'. கடனுக்குத் தைத்துக் கொடுத்துச் சம்பள நாளில் காசு வாங்குவார். தீபாவளி வந்தால் இரவிரவாகத் தைப்பார். எல்லோருடைய அளவும் ஒரு கொப்பியில் இருக்கும்.

1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று இரு அரசுகளும் பிரித்துக்கொண்டன. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கிட்டன. தலைமன்னாரில் கப்பலேறப் புறப்பட்ட குடும்பங்கள், பயணத்துக்குப் புதுச்சட்டை தைக்க அவரிடம் வந்தன. அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் 'கப்பல்' என்று எழுதிவைத்தார். பக்கங்களை மட்டும் கிழிக்கவில்லை.

"திரும்பி வந்தாங்கன்னா அளவு வேணுமே" என்பார்.

1979இல், ஒரு மழைக்காலத்தில், மார்புச்சளி முற்றி இறந்தார். தோட்டங்களிலிருந்து நடந்தே வந்தார்கள். பலர் உடுத்தியிருந்தது அவர் தைத்த சட்டை. சாகும்போது அவர் எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லை. 1964 முதல் இங்கேயே வாழ்ந்துவந்த நாடற்ற இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003இல்தான் வந்தது.

அரசாங்கக் கடதாசியில் எம்மவரின் தொகை இருக்கிறது. அவருடைய கொப்பியில் அவர்களின் தோளும் கையும் கழுத்தும் இருந்தன. மலையகத்தின் கதையை எழுத வருபவர்கள் அப்படியான கொப்பிகளையும் தேடிப் பார்க்க வேண்டும்.