லண்டனுக்குப் போன கோரிக்கை

(ஒரகடத்தில் இளந்தொழிலாளர்கள், மாணவர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம ஆளு ஒருத்தர் லண்டன் வரைக்கும் போய் அரசியல் பேசினார். இரட்டைமலை சீனிவாசன். எங்கேயோ பிறந்தவர் இல்லை. இந்த ஸ்ரீபெரும்புதூரும் சேர்ந்திருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், கோழியாளத்தில் பிறந்தவர்.

1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். அந்தச் சமயம் ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்தணும்னு காங்கிரஸ் கேட்டது. நடத்தினால் சாதி இந்துவே அதிகாரியாக வந்து உட்காருவான், சேரிக்கு நியாயம் கிடைக்காது என்று இவர் எதிர்த்தார். 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீள மனுவை பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். இதற்காக அவரை வெள்ளைக்காரன் அடிவருடி என்பவர்கள் இன்றைக்கும் உண்டு. அந்த 3,412 பேரும் யார், ஏன் கையெழுத்துப் போட்டார்கள் என்று அவர்கள் கேட்பதில்லை.

1923இல் சென்னை சட்டசபைக்குப் போனார். பொதுத் தெரு, கிணறு, அலுவலகம் எல்லாருக்கும் உரியது என்று 1924இல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாடு. ஒடுக்கப்பட்டோர் சார்பில் இரண்டே பேர்: அண்ணல் அம்பேத்கர், நம்ம சீனிவாசன்.

இருவரும் சேர்ந்து கொடுத்த கோரிக்கை மனுவில் தனித்தொகுதி மட்டும்தான் இருந்தது என்று நினைக்கிறோம். இன்னொன்றும் இருந்தது. ஊர்க்கட்டுப்பாடு போட்டு சேரியை ஒதுக்கி வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கு என்றார்கள். பர்மாவில் 1922இல் வந்த பகிஷ்காரத் தடைச் சட்டத்தை முன்மாதிரியாகக் காட்டினார்கள். வீடோ நிலமோ வாடகைக்குத் தர மறுப்பது, கூலிவேலை மறுப்பது, கொடுக்கல் வாங்கல் மறுப்பது எல்லாம் அதில் அடங்கும்.

வீடு தர மறுப்பது! இந்தப் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்த புதுசில் நானும் அறை தேடி அலைந்தேன். "எந்த ஊரு தம்பி?" என்பார்கள். அடுத்து, "ஊர்ல எந்தப் பக்கம்?" பதில் சொன்னதும், "காலியில்லப்பா." வாசலில் 'வாடகைக்கு' பலகை தொங்கிக்கிட்டுதான் இருக்கும். உள்ளே கார் செய்கிற ரோபோ, வெளியே மனு காலத்துக் கேள்வி!

சட்டம் இல்லாமல் இல்லை. 1955 தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் பகிஷ்காரத்துக்குத் தந்த விளக்கம் ஏறக்குறைய லண்டன் மனுவின் வாசகம்தான். 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது சமூக, பொருளாதாரப் பகிஷ்காரம் தனிக் குற்றமாகவே சேர்ந்தது. ஆனால் 'காலியில்லை' என்ற ஒரு வார்த்தையை வைத்து வழக்குப் போட முடியுமா? காரணத்தை யார் எழுதித் தருகிறார்கள்?

எனவே நாம் எழுதுவோம். எந்தத் தெரு, எந்தத் தேதி, என்ன கேட்டார்கள், யார் சாட்சி. ஒவ்வொரு மறுப்பையும் ஒரே நோட்டில் பதிவோம். தனி ஆள் சொன்னால் புலம்பல் என்பான். நூறு பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது மனு. சீனிவாசன் லண்டனில் பேசுவதற்கு 37 வருஷம் முன்னாலேயே இங்கே கையெழுத்து வாங்கத் தொடங்கியவர். நோட்டு இதோ இருக்கிறது தோழர்களே, கூட்டம் முடிந்ததும் வாங்க.