ஐடி கார்டு போனாலும் தொழில் நம்மோடதுதான்!

(ஸ்ரீபெரும்புதூர் இளைஞர் சந்திப்பில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, பகிருங்க.)

மேடையில பேசிப் பழக்கம் இல்லாதவன் நான். போஸ்டர் டிசைன் பண்ணுவேன், போஸ்ட் போடுவேன், அவ்வளவுதான். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

ஷிப்ட் முடிஞ்சு நேரா இங்க வந்தவங்க நிறைய பேர் இருக்கீங்க. பாதிப் பேர் கழுத்துல ஐடி கார்டு அப்படியே தொங்குது. அதுல தப்பே இல்ல. இருங்காட்டுக்கோட்டையில இருந்து ஒரகடம் வரைக்கும் நம்ம பகுதியில அந்த அட்டைதான் மரியாதை. வீடு வாடகைக்குக் கேட்டாலும், பொண்ணு பார்க்கப் போனாலும் முதல் கேள்வி, "தம்பி எந்த கம்பெனி?" என்ன வேலைன்னு யாரும் கேக்கறதில்ல.

ஒருநாள் அந்த கம்பெனி இல்லாம போனா? அதைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன்.

நோக்கியா ஞாபகம் இருக்கா? 2006-ல இதே ஸ்ரீபெரும்புதூர்ல உற்பத்தி ஆரம்பிச்சுது. உச்சத்துல நேரடியா மட்டும் சுமார் 8,000 பேர் வேலை பார்த்தாங்க. பெரும்பாலும் சின்ன வயசுக்காரங்க, அதிலயும் பெண்கள் அதிகம். கிராமத்துல இருந்து கம்பெனி பஸ் ஏறி வந்தவங்க. ஊர்ல அவங்களுக்குப் பேரே "நோக்கியா பொண்ணு"தான்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். வரி வழக்கு வந்துது. 2014 ஏப்ரல்ல நோக்கியாவோட போன் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போச்சு. நம்ம ஆலையை மட்டும் அந்த விற்பனையில சேர்க்கல. விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தாங்க, சுமார் 5,000 பேர் கையெழுத்துப் போட்டாங்க. யோசிச்சுப் பாருங்க. நம்ம அப்பா காலத்துல ஓய்வுன்னா 58 வயசு. இங்க இருபத்தஞ்சு வயசுல ஓய்வு, அதுக்குப் பேரு "விருப்ப" ஓய்வு! 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்னுபோச்சு.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிற கதை இல்ல. அதுக்கு முந்தின வருஷம், 2013 மே 30-ம் தேதி, அமெரிக்காவுல சிகாகோ சன்-டைம்ஸ்னு ஒரு பத்திரிகை தன்னோட புகைப்படக்காரங்க 28 பேரையும் ஒரே நாள்ல அனுப்பிடுச்சு. அதுல ஒருத்தர் ஜான் எச். வைட். 1982-லேயே புலிட்சர் பரிசு வாங்கின மனுஷன். "இனி நிருபர்களே ஐபோன்ல படம் எடுத்துக்குவாங்க"ன்னு சொல்லி, நிருபர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தாங்க.

அங்க அவங்க வேலையைப் பறிச்ச அந்த ஐபோனை இன்னைக்குப் பூட்டிக் கொடுக்கிறது யாரு? சுங்குவார்சத்திரத்துல நைட் ஷிப்ட் பார்க்கிற நம்ம பசங்களும் பொண்ணுங்களும்தான். ஒரு இடத்துல வேலையை அழிக்கிற பொருள் இன்னொரு இடத்துல வேலை கொடுக்குது. அதனால நம்ம வேலை மட்டும் நிரந்தரம்னு நாம நினைச்சுடக் கூடாது.

ஆனா அந்தப் புகைப்படக்காரங்களுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. அவங்க எடுத்த படத்துக்குக் கீழ அவங்க பேர் அச்சாகியிருக்கு. பத்திரிகை வெளியே தள்ளினாலும், "நான் போட்டோகிராபர், இதோ என் படம்"னு எடுத்துக் காட்டலாம். நோக்கியா அக்கா என்னத்தைக் காட்டுவாங்க? பேட்டரியைக் கழட்டினா "மேட் இன் இந்தியா"ன்னு இருந்துச்சு. செஞ்சவங்க பேர் எங்கயும் இல்ல. எட்டு வருஷம் போர்டு டெஸ்டிங் பார்த்து, ஒலியைக் கேட்டே பழுதைச் சொல்ற அளவுக்குத் தேறியிருந்தாலும், வெளியே வந்தா அவங்க வெறும் "பிளஸ் டூ".

நஷ்ட ஈடு கொடுத்தாச்சேன்னு சிலர் கேப்பாங்க. ஆட்குறைப்புக்கு 1947-ம் வருஷத் தொழில் தகராறு சட்டம் போட்ட கணக்கு, ஒரு வருஷ சர்வீஸுக்கு 15 நாள் சம்பளம். எட்டு வருஷத்துக்கு 120 நாள். எட்டு வருஷ உழைப்புக்கு நாலு மாசச் சம்பளம்! கம்பெனி மனசு வெச்சு அதுக்கு மேலயே கொடுத்தாலும், அது சம்பளத்துக்கான கணக்குதான். "நீ யாரு?"ன்னு கேட்டா சொல்றதுக்கு இருந்த பதிலுக்கு அதுல ஒரு ரூபா கூட இல்ல.

இன்னொரு விஷயம். மூடிக்கிடந்த நோக்கியா இடத்தை சால்காம்ப் நிறுவனம் வாங்குதுன்னு 2019 நவம்பர்ல அறிவிப்பு வந்துச்சு. சந்தோஷம்தான். கட்டடத்துக்கு அஞ்சு வருஷத்துல மறுபடி வேலை கிடைச்சுடுச்சு. ஆனா அதே சட்டத்துல, பழைய ஆளுக்கு முன்னுரிமைங்கிறது பழைய முதலாளியே மறுபடி ஆள் எடுத்தாத்தான். முதலாளி மாறினா அந்த உரிமை போச்சு. அதுக்குள்ள அந்தப் பொண்ணுங்களுக்கு முப்பது வயசு, கல்யாணம், குழந்தை. ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காம ஒதுக்குறாங்கன்னு 2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ் செய்தி போட்டுச்சே, அதைப் படிச்சப்போ எனக்கு இவங்க ஞாபகம்தான் வந்துச்சு.

அதனால நாம கேக்க வேண்டியது மூணு.

ஒண்ணு, சர்வீஸ் சர்டிபிகேட். நிரந்தரத் தொழிலாளி வெளியே போகும்போது அதை வாங்க உரிமை உண்டுன்னு 1946-ம் வருஷ நிலையாணைச் சட்டத்தோட மாதிரி விதிகள்லேயே எழுதி வெச்சாங்க. அதுல "ஆபரேட்டர்"னு ஒத்தை வார்த்தை போதாது. எந்த மெஷின், என்ன வேலை, எத்தனை வருஷம்னு இருக்கணும். கான்ட்ராக்ட், அப்ரன்டிஸ் தோழர்களுக்கும் கொடுக்கணும்.

ரெண்டு, மூடின ஆலையில புது கம்பெனி வந்து அரசுகிட்ட சலுகை கேட்டா, பழைய தொழிலாளிக்கு முன்னுரிமைன்னு எழுதி வாங்கணும். வயசைக் காட்டித் தள்ளக் கூடாது.

மூணாவது நமக்கு. ஆலை திறக்கும்போது ட்ரெண்ட் பண்றோம். அந்த போஸ்டரை டிசைன் பண்றதே நான்தான். மூடும்போது ஒரு போஸ்ட் போட்டிருக்கோமா? இனிமே போடுவோம். யார் ஆட்சியில மூடினாலும் போடுவோம்.

கடைசியா ஒண்ணு. இன்னைக்கு வீட்டுக்குப் போய் அந்த அட்டையைக் கழட்டி வெச்சுட்டு, உங்களுக்குத் தெரிஞ்ச வேலையை ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. அட்டை கம்பெனியோடது. அந்தப் பேப்பர்ல இருக்கிறது உங்களோடது.



நோக்கியாவிலோ மூடிய வேறு ஆலையிலோ வேலை பார்த்தவர்களா நீங்கள்? என்ன வேலை செய்தீர்கள் என்று கமென்டில் எழுதுங்கள்.

#தொழில்_நம்மோடது #ஸ்ரீபெரும்புதூர் #ஒரகடம்