மாத்திரை வந்தது, கக்கூஸ் வரவில்லை



இன்றைக்குப் பூச்சி மாத்திரையைப் பற்றிப் பேசுவோம். பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களே, மூன்று மாதம் கடந்த கர்ப்பிணித் தாய்மாருக்குக் குடும்பநல உத்தியோகத்தர் கொடுக்கிறாரே, அந்த மாத்திரைதான். நல்ல மாத்திரை. யாரும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. ஆனால் பூச்சிக்கு மருந்து நம்முடைய தோட்டங்களுக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பூச்சி மட்டும் இன்னும் போகவில்லை.

1916இல் அமெரிக்க எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்பெல்லரின் அறக்கட்டளை மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை தொடங்கியது. லயம் லயமாகப் போய் மலத்தைப் பரிசோதித்தார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் கொழுக்கிப்புழு இருந்தது.

அது எப்படி வந்தது? அன்று லயத்தில் கக்கூஸ் இல்லை. தேயிலைச் செடி மறைவுதான் எல்லாருக்கும். மலத்தோடு விழும் முட்டை, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் சில நாளில் பொரித்துவிடும். குஞ்சு கண்ணுக்குத் தெரியாது. வெறுங்காலோடு கொழுந்தெடுக்கப் போகிறவரின் விரல் இடுக்கில் துளைத்து உள்ளே போகும். அங்கே அரிக்கும். சேற்றுப்புண் என்று மஞ்சளைப் பூசிவிட்டு வேலைக்குப் போவார்கள். புழு இரத்தத்தோடு நெஞ்சுக்கு ஏறி, தொண்டைக்கு வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டு, குடலைக் கடித்துத் தொங்கும். வருஷக்கணக்கில் இரத்தம் குடிக்கும். முகம் வெளுக்கும், மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும், கூடை நிறையாது. துரைமார் அதற்கு வைத்த பெயர் சோம்பேறித்தனம். நம்முடைய பாட்டன் பாட்டிமார் உடம்பில் இரத்தமில்லாமல்தான் மலை ஏறினார்கள்.

துரைமாருக்கு மருந்து பிடித்திருந்தது. வேலை கூடும் அல்லவா? குமட்டும் எண்ணெய் மருந்தையும் பேதி உப்பையும் குடிக்க வைத்தார்கள். ஆனால் கக்கூஸ் கட்டாவிட்டால் குணமானவருக்கும் திரும்ப வரும் என்று அந்த வைத்தியர்கள் சொன்னபோது, செலவு என்று பின்வாங்கினார்கள். புழு செத்தது, மண் அப்படியே இருந்தது. அதே மண்ணில் அதே வெறுங்கால்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 1994இலிருந்து பெருந்தோட்டப் பாடசாலைகளில் பூச்சி மருந்து கொடுத்து வந்தார்கள். பத்து வருஷம் கொடுத்த பிறகு நிலைமை என்ன என்று பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. பரிசோதித்த பிள்ளைகளில் கால்வாசிக்கு மேற்பட்டோர் வயிற்றில் புழு இருந்தது. அதிகம் இருந்தது வட்டப்புழு. கொழுக்கிப்புழுவுக்குச் சூடு வேண்டும், நுவரெலியாக் குளிர் அதற்குப் பிடிக்காது. வட்டப்புழுவின் முட்டைக்குக் குளிர் பொருட்டல்ல. மண்ணில் நெடுநாள் கிடக்கும். விளையாடும் பிள்ளையின் நகத்திலும், கழுவாத கீரையிலும் ஏறி வாய்க்குப் போகும். ஒன்று காலால் வருகிறது, ஒன்று கையால் வருகிறது. இரண்டும் புறப்படும் இடம் ஒன்றுதான்.

வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் மஞ்சட்காமாலையும் அந்த இடத்திலிருந்தே தண்ணீர் வழியாக வரக்கூடியவை. நம்முடைய லயங்கள் சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேல் லயத்துக் குழி நிரம்பினால் அது கசிந்து இறங்குவது கீழ் லயத்துப் பீலிக்கு. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்வது சுலபம். விடியற்காலையில் பிள்ளைக்காம்பராவுக்கும் பெரட்டுக்கும் ஓடுகிற தாய் எத்தனை தரம் அடுப்பை ஊதுவாள்? கொதிக்க வைக்கத்தான் வேண்டும். பீலியைக் காப்பாற்றுகிற வேலை மட்டும் அவள் தலையில் விழக்கூடாது.

கக்கூஸ் கட்டிக் கொடுத்தாலும் இவர்கள் பாவிப்பதில்லை என்று நிருவாகத்தில் சொல்கிறார்கள். தண்ணீர் இல்லாத, கதவு உடைந்த, இருட்டில் ஐம்பது படி இறங்க வேண்டிய கக்கூஸுக்கு ஒரு வயதுப் பெண்ணை இராத்திரியில் அவர்கள் அனுப்புவார்களா?

இரத்தச்சோகை முழுவதற்கும் புழுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. சாப்பாட்டில் சத்துக் குறைவு பெரிய காரணம். சோறு சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணீர் குடித்தால் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை அது உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். நாம் பறிக்கிற தேயிலை நம்மையே பிடிக்கிறது, பாருங்கள்!

இனி, செய்ய வேண்டியது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக இருந்தது. நம்முடைய வாக்கு வேண்டும், நம்முடைய லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட முடியாது! 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. ஆகவே இனிமேல் கம்பெனி சபையைக் காட்டுவதும், சபை கம்பெனியைக் காட்டுவதும் நடக்கக்கூடாது. இரண்டு பேர் வாசலிலும் ஒரே மனுவோடு நிற்போம்.

மனுவுக்குக் கணக்கு வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் லயம் லயமாக எழுதுங்கள்: எத்தனை குடும்பத்துக்கு எத்தனை கக்கூஸ், அதில் தண்ணீர் வருகிறதா, குழி கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது, குடிதண்ணீர் ஊற்று குழிக்கு மேலேயா கீழேயா. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு ஊற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கேளுங்கள். கேட்ட திகதியையும் குறித்து வையுங்கள். கொழுந்தெடுப்பவர்களுக்குக் காலணி உண்டா இல்லையா என்பதையும் சேருங்கள். பெண்கள் போய்ப் பார்த்து எழுதினால் கணக்கு சரியாக இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கொப்பிகளைக் கொண்டு வாருங்கள்.