உரிமத்தின் வழியை அடைக்கும் ஒரு வரி

(ஊராட்சிகளில் கணினி மையம் நடத்துவோரிடையே ஆற்றிய உரை)



நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஆயினும், அதனால் ஒரு மையத்தின் வேலை நாள் முழுதும் நின்றுபோகக் கூடும்.

ஒரு மையத்தார் பழைய கணினி ஒன்றை விலைக்கு வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரைபட மென்பொருளுக்கு முறைப்படி பணம் செலுத்தி உரிமமும் பெறுகிறார்கள். ஆனால் அதைத் திறந்தால், 'உரிமச் சேவையகத்துடன் தொடர்பு கொள்ள இயலவில்லை' என்ற அறிவிப்பே தோன்றுகிறது. ஏனைய இணையத் தளங்களோ தடையின்றித் திறக்கின்றன. வீட்டு வரைபடம் வேண்டி வந்தவர் வெறுங்கையோடு திரும்புகிறார். நாம் இணைய இணைப்பைப் பழிக்கிறோம். மென்பொருள் விற்றவரைப் பழிக்கிறோம். குற்றமோ நம் மேசையின் மீதே இருக்கலாம்.

அது எவ்வாறு என்று காண்போம். இணையத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் முகவரி உண்டு. அர்ப்பாநெட் இயங்கிய 1970-களில், பெயர்களும் எண்களும் அடங்கிய பட்டியலை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையம் பராமரித்து வந்தது. பட்டியல் பெருகவே, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் டிஎன்எஸ் என்னும் முறையை வகுத்தார். எனினும், பழைய பட்டியலின் மரபில் வந்த 'ஹோஸ்ட்ஸ்' என்னும் கோப்பு இன்றும் ஒவ்வொரு கணினியிலும் உள்ளது. கணினி வெளியில் விசாரிக்குமுன் இதனையே பார்க்கிறது.

127.0.0.1 என்பது அக்கணினி தன்னையே குறிக்கும் எண். அந்த எண்ணுக்கு எதிரே உரிமச் சேவையகத்தின் பெயரை எழுதிவிட்டால், வெளியூருக்கு எழுதிய கடிதம் நம் வீட்டுத் திண்ணையிலேயே வந்து விழுவது போலாகும். திருட்டு மென்பொருளை இயக்குவோர் இவ்வரியை வேண்டுமென்றே சேர்ப்பதுண்டு. தீய நிரல்களும் சேர்ப்பதுண்டு. விளம்பரங்களைத் தடுக்கச் சேர்த்த பட்டியலிலும் இது கலந்திருக்கலாம்.

பரிகாரம் கடினமன்று. முதலில் கணினியின் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். அவை பிழையாயினும் உரிமம் மறுக்கப்படலாம். பின்னர் நோட்பேடை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற முறையில் திறவுங்கள். சி பிரிவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்ற அடைவுகளை வரிசையாகத் திறந்து, 'ஆல் ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தால் ஹோஸ்ட்ஸ் கோப்பு தென்படும். அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்த பின்னரே கை வைக்க வேண்டும். உரிமச் சேவையகத்தின் பெயர் கொண்ட வரியின் முன்னால் # குறியை இடுங்கள், அவ்வரி செயலற்றதாகிவிடும். கோப்பு முழுவதையும் அழித்துவிடலாகாது. அலுவலகத் தேவைக்காக எழுதிய வரிகளும் அதில் இருக்கலாம். சேமிக்கும்போது கோப்பின் பெயரோடு '.டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னர்க் கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கி, மென்பொருளைத் திறந்து பாருங்கள்.

நீக்கிய வரி மறுநாள் திரும்பவும் தோன்றுமாயின், கணினியில் தீய நிரல் இருக்கிறதென்று ஐயுற்று, முழுச் சோதனை நடத்துங்கள். வரி ஏதும் இல்லாமலே தொடர்பு கிட்டாவிடில், தீச்சுவர் என்னும் ஃபயர்வால் தடுக்கிறதா என ஆராயுங்கள்.

நண்பர்களே! யாரோ ஒருவர் பணம் கொடாதிருக்க எழுதிய வரி, பின்னர்ப் பணம் கொடுத்தவரின் வழியை அடைக்கிறது. ஆகையால் பழைய கணினி வாங்கும் அன்றே இக்கோப்பைத் திறந்து பாருங்கள். மாற்றம் செய்தால் நாளையும் காரணத்தையும் பதிவேட்டில் குறித்து வையுங்கள். நமக்குப் பின் அந்நாற்காலியில் அமர்பவர் காரணம் புரியாது திகைக்க வேண்டியிராது. நம்மை நாடி வரும் ஊராரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிராது.