மூத்தோரும் மூக்குத் தொல்லையும்
(ஆலய மூத்தோர் சந்திப்பில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஆற்றிய உரை)



தும்மலைப் பற்றிப் பேச ஒரு மேடையா என்று சிலர் சிரிக்கலாம். அறுபதைக் கடந்தவர்களுக்குத் தும்மல் சிறு விஷயம் அன்று என்பதால்தான் இந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்கினேன்.

குளிர் நாடுகளில் வசந்தம் பிறந்தால் மகரந்தம் காற்றில் பறந்து மூக்கைப் படுத்தும். நமக்கு வசந்தம் ஏது? சிங்கப்பூரில் பெரும்பாலும் குற்றவாளி, வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளே அதற்கு உணவு. மெத்தையும் தலையணையுமே அதற்கு வீடு. ஆண்டு முழுவதும் அது நம்மோடு இருக்கிறது. இதோடு, ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் வறட்சி கடுமையாக இருந்தால் சுமத்ராவிலிருந்து புகைமூட்டமும் வந்து சேரும். 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டதைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். புகைமூட்டம் ஒவ்வாமை அன்று. ஆனால் ஏற்கெனவே ஒவ்வாமையால் வாடும் மூக்கையும் நுரையீரலையும் அது மேலும் வதைக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மாத்திரையைப் பற்றி. தும்மல் வந்ததும் அலமாரியிலுள்ள சிறிய மஞ்சள் மாத்திரையை எடுத்து விழுங்குகிறோம். அதிலுள்ள மருந்தின் பெயர் குளோர்பெனிரமின். அது மூத்தவர்களுக்குத் தூக்கத்தோடு தலைசுற்றல், மனக்குழப்பம், மலச்சிக்கல் ஆகியவற்றையும் தரக்கூடும். புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். இரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்கு எழுந்தவர் அந்த மயக்கத்தில் தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும், பிறகு படுக்கைதான். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், 65 வயதைக் கடந்தவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. லோரட்டடின், ஃபெக்சோஃபெனடின் போன்ற பிற்கால மருந்துகள் அவ்வளவு தூக்கம் தருவதில்லை. மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் கலந்திருக்கும். அது இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும். பள்ளிக்கூடத்துப் பழக்கம், இன்னொரு முறை சொல்கிறேன்: மகன் வாங்கி வைத்த மாத்திரையை மருந்தாளரைக் கேட்காமல் விழுங்காதீர்கள்.

மருத்துவர் தரும் மூக்குத் தெளிப்பு மருந்து உடனே பலன் தராது. நாள் தவறாமல் போட்டால் சில நாளில் குணம் தெரியும். இரண்டு நாள் பார்த்துவிட்டு வீசிவிடுபவர்களே அதிகம். இன்னொன்று, காரமான ரசம் குடிக்கும்போது மட்டும் மூக்கு ஒழுகினால் அது ஒவ்வாமை அன்று. ரசத்தை நிறுத்த வேண்டாம்.

வீட்டில் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம். மின்விசிறி இறக்கைகளை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், ஆனால் நீங்கள் நாற்காலி போட்டு ஏறாதீர்கள்! புகைமூட்ட நாளில் காலை நடையை நிறுத்தி வைக்கலாம். வெளியே போயே ஆக வேண்டுமானால் என்95 முகக்கவசம் வேண்டும். சாதாரணக் கவசமும் கைக்குட்டையும் நுண்துகளைத் தடுக்கா. மூச்சிரைப்போ நெஞ்சில் விசிலோ கேட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இனி நம் ஆலயம். ஊதுவத்திப் பெட்டிகளை உபயமாகத் தரும் அன்பர்கள் மன்னிக்க வேண்டும். தீபாராதனை நம் மரபு. அதைக் குறைக்க எவரும் சொல்லவில்லை. ஆனால் ஆளுக்கொரு கட்டு ஊதுவத்தி கொளுத்துவதால் சந்நிதி முன் நிற்கும் மூதாட்டிக்கு மூச்சு முட்டுகிறது. அந்த உபயத்தை நல்லெண்ணெயாகவோ அன்னதானத்துக்கு அரிசியாகவோ தரலாமே. சாம்பிராணி போடும் வேளையில் மண்டபத்தின் பக்கக் கதவுகளைத் திறந்து வைக்கவும், அதன் அருகே மூத்தோருக்கு நாற்காலி போடவும் ஏற்பாடு செய்திருக்கிறோம். திருநீற்றுப் பொடி மூக்கில் ஏறித் தும்முபவர்கள் அதை நீரில் குழைத்து இட்டுக்கொள்ளலாம். அதுவும் நம் பெரியோர் காட்டிய வழக்கமே.

அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள். நாட்டு மருந்துப் பொட்டலங்களையும் சேர்த்தே காட்டுங்கள்.