ஆபீசுக்கு வந்த கடிதம் முதல் இணையத்தளம் வரை

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



இணையத்தைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாங்கள் படித்த காலத்தில் எங்கள் தோட்டங்களில் தொலைபேசி இருந்த இடங்கள் இரண்டே: துரை பங்களா, ஆபீஸ். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதம் ஆபீசில் கிடந்து, யாராவது எடுத்து வந்தால்தான் எங்கள் கைக்குக் கிடைக்கும்.

அந்தக் கடிதங்களுக்காக நாங்கள் ஏங்கியதற்குக் காரணம் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரண்டு அரசுகளும் இணங்கின. அந்தக் கணக்குக்குள் எங்கள் வகுப்புத் தோழிகளும் இருந்தார்கள். அவர்கள் ஏறிப் போன ரயிலை நம் சனங்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் கடந்து, கூடலூர், கோத்தகிரி என்று போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு மூன்று கடிதங்கள் வந்தன. பிறகு அவர்கள் இடம் மாறினார்கள். நாங்களும் கலியாணமாகி வேறு வேறு தோட்டங்களுக்குப் போனோம். தொடர்பு அறுந்துவிட்டது.

இப்படிச் சிதறிய மனிதர்கள் மறுபடி ஒன்றுகூட முடியும் என்பதை உலகத் தமிழர் சிலர் செய்து காட்டினார்கள். 1990களின் தொடக்கத்தில், தொலைபேசிக் கம்பியில் மோடத்தைப் பொருத்தி, யூஸ்நெட் என்ற பொது அறிவிப்புப் பலகையில் அவர்கள் எழுதினார்கள். தமிழையும் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டியிருந்தது. பிறகு சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கலாநிதி கல்யாணசுந்தரத்தின் 'மயிலை', மலேசியாவின் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்' போன்றவை வந்தன. ஆனால் ஒருவரின் எழுத்துரு மற்றவரிடம் இல்லாவிட்டால், வந்த மடல் வெறும் கிறுக்கலாகவே தெரியும்.

பாலா பிள்ளை அவுஸ்திரேலியாவிலிருந்து தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழுவில் பல நாட்டவர் கூடினார்கள். எழுத்துருச் சிக்கலைத் தீர்க்க, பலரும் மடல் வழியே நீண்ட நாள் விவாதித்து 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். பின்னர் யூனிகோட் பரவலானது. இந்த நட்பிலிருந்தே 1998 தைப்பொங்கலன்று மதுரைத் திட்டம் பிறந்தது. ஒரு நாட்டில் ஒருவர் பழைய நூலைத் தட்டச்சுச் செய்வார். இன்னொரு நாட்டில் மற்றொருவர் பிழை திருத்துவார். யாருக்கும் சம்பளமில்லை. அன்று அவர்கள் இணையத்தளத்தில் ஏற்றிய இலக்கியங்களை இன்று நம் பிள்ளைகள் இலவசமாகப் படிக்கிறார்கள்.

இலங்கையில் வணிக இணையச் சேவை 1995இல் தொடங்கியது. நாங்கள் அதைக் கண்டது பல வருடங்களுக்குப் பிறகு, ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில். நிமிடக் கணக்கில் காசு. இடி மழை வந்தால் இணைப்புப் போய்விடும்.

2005இல் 'நூலகம்' தொடங்கப்பட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களை இழந்த சமூகம் அல்லவா நாம்! ஈழத்து நூல்களும் இதழ்களும் நினைவு மலர்களும் அங்கே ஸ்கேன் செய்து வைக்கப்பட்டுள்ளன. மலையகத்து எழுத்துகளும் அவற்றில் உண்டு.

தாளின் அருமை நமக்குத் தெரியாததல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனார் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. காட்டத் தாள் இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் நாடற்றவையாயின. அப்படியிருந்தும் நம்மிடம் இருந்ததை நாம் ஒழுங்காகக் காத்தோமா? இந்த மலருக்காகப் பழைய பாடசாலைச் சஞ்சிகைகளைத் தேடினோம். அலுமாரியில் ஈரமும் கறையானும் போக எஞ்சியவை சில பிரதிகளே. ஒரு வகுப்புப் படம் கிடைத்தது. பின்புறம் பெயர் எதுவும் இல்லை. அதை எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டோம். அது கைமாறிக் கைமாறிக் கூடலூர் வரை போயிருக்கிறது. மூன்றாம் நாள் ஒரு பெண்ணின் குரல் வந்தது: "இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக நிற்பது எங்கள் அம்மா." தோழி இப்போது இல்லை. ஆனாலும் அன்று நாங்கள் அவளைக் கண்டுபிடித்துவிட்டோம்.

அந்தக் குரல் இருந்த கைபேசி சென்ற மாதம் பழுதாகிவிட்டது; குரலும் போயிற்று. பேச்சு நம்மைச் சேர்த்து வைத்தது. ஆனால் சேர்ந்ததைக் காப்பாற்ற ஓர் இடம் வேண்டும். அறிவிப்புப் பலகையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் இணையத்தளம் அமைத்ததும் அதனால்தான்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெட்டிகளில் உள்ள சஞ்சிகைகளையும் படங்களையும் கடிதங்களையும் கொண்டு வாருங்கள். ஸ்கேன் செய்து உடனே திருப்பித் தருவோம். படத்தின் பின்னால் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். கொழுந்துக் கூடை சுமந்து நம்மைப் படிக்க வைத்த அம்மாமார் பலருக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. இருப்பவர்களின் குரலையாவது பதிவு செய்வோம். எல்லாவற்றையும் எல்லோரும் காணும்படி இணையத்தில் வைப்போம். அடுத்த முறை எங்கிருந்தாவது ஒரு மகள் தன் தாயைத் தேடி வந்தால், அவள் மூன்று நாள் காத்திருக்கக் கூடாது.