வேலைத்தலத்துக்கு வரும் மசாஜ் கதிரை



தொழிற்சாலையொன்றில் பொதி கட்டும் வேலை செய்கிற ஒரு அக்கா அண்மையில் என்னோடு கதைத்தார். அவருடைய வேலைத்தலத்துக்கு மாதம் ஒருநாள் மசாஜ் செய்பவர் ஒருவர் வருகிறாராம். "எல்லாரும் பேர் குடுத்திட்டினம் தம்பி. நான் குடுக்கேல்லை. நாலு பேருக்கு முன்னாலை என்னெண்டு?" என்றார். அவருக்குப் பல வருடமாகத் தோள்மூட்டு நோ.

இந்தக் கூச்சம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. சான் பிரான்சிஸ்கோவில் யப்பானிய 'அன்மா' முறையைக் கற்றுக்கொடுத்த டேவிட் பாமர் என்பவரும் இதைக் கண்டார். உடுப்பைக் களைந்து மேசையில் படுக்கப் பலர் விரும்பவில்லை. ஆகவே இருந்தபடியே செய்யும் முறையை 1980களில் வேலைத்தலங்களுக்குக் கொண்டுபோனார். அப்பிள் நிறுவனம் அவருடைய ஆரம்ப வாடிக்கையாளர்களில் ஒன்று. 1986இல் அதற்கென்றே ஒரு கதிரையை அறிமுகப்படுத்தினார்.

அந்தக் கதிரையில் முன்பக்கம் சாய்ந்து, முகத்தை மெத்தை வளையத்தில் வைத்து இருப்பீர்கள். உடுப்புக் கழற்றுவதில்லை, எண்ணெய் பூசுவதில்லை. கழுத்து, தோள், முதுகு, கைகளை 15, 20 நிமிடம் பிடித்துவிடுவார்கள். ஊரில் பரியாரியார் சுளுக்குக்கு உருவிவிட்டபோது நாங்கள் வெட்கப்பட்டோமா?

இங்கே ஒன்ராறியோவில் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி மசாஜ் சிகிச்சை ஒரு பதிவுபெற்ற சுகாதாரத் தொழில். வருபவர் பதிவுபெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். அரசாங்க மருத்துவக் காப்புறுதி இதற்குப் பணம் தராது. ஆனால் பல வேலைத்தலக் காப்புறுதிகள் வெளியில் பதிவுபெற்றவரிடம் செய்யும் சிகிச்சைக்கு வருடம் ஒரு தொகை தருகின்றன. எங்கள் ஆட்கள் பலர் அதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். உங்கள் காப்புறுதிப் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கதிரையில் இருக்குமுன் சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும். காலில் இரத்தக்கட்டி, இரத்தம் உறையாமலிருக்க மருந்து, எலும்புத் தேய்வு, கர்ப்பம் இருந்தால் சொல்லுங்கள். உடம்பில் செல் துண்டு இருந்தால் அந்த இடத்தைக் காட்டுங்கள். எங்களில் சிலருக்குப் பின்னாலிருந்து ஒரு கை பட்டாலே பழைய நாட்கள் திரும்பி வரும். "இந்த இடத்தைத் தொடவேண்டாம்", "போதும்" என்று எந்த நேரமும் சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. வேண்டாம் என்று மறுப்பதும் உங்கள் உரிமை.

கடைசியாக முக்கியமான ஒன்று. இந்த 15 நிமிடம் நோவை ஆற்றும். நோவைத் தந்த வேலையை மாற்றாது. பாரம் தூக்கி நாரி பிடித்தால், ஒரே அசைவால் தோள் கெட்டால், மேற்பார்வையாளருக்கு அறிவியுங்கள், வைத்தியரிடம் போங்கள். வேலைத்தலப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபையின் காப்பு உங்கள் வேலைத்தலத்துக்கு இருந்தால் 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். மசாஜ் கதிரையில் இருந்து எழும்புவது முறைப்பாடு செய்ததாகாது.

அந்த அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன். "அப்ப இரண்டையும் செய்யிறன்" என்றார். கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களும் "வயசுக்கு வாற நோதானே" என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்காக உழைத்துத் தேய்ந்த உடம்பு இது. அதையும் கொஞ்சம் பாருங்கள்.